எண்ணிப் பார்த்தபோது 41

பள்ளியிலிருந்து பஸ் கிளம்பும்போது 42 பேர். ஓடைக்கரையில் சாப்பிட உட்கார்ந்தபோதும் 42 பேர். ஒன்றரை கிலோமீட்டர் திரும்பி நடந்து, பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து எண்ணியபோது 41.

மறுபடி எண்ணினேன். 41. உடன் வந்த ஆசிரியர் எண்ணினார். 41. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். யார் இல்லை என்று கண்டுபிடிக்கவே இரண்டு நிமிடம் ஆனது, ஏனென்றால் பெயர்ப்பட்டியல் பஸ்ஸுக்குள் என் பையில் இருந்தது. ஆறாம் வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பையன். வரிசையின் கடைசியில் நடந்தவன். கடைசியில் நடந்த பிள்ளைக்குப் பின்னால் பெரியவர் என்று யாரும் இல்லை.

அவனைக் கண்டுபிடிக்க 11 நிமிடம் ஆனது. வழியில் பாதை இரண்டாகப் பிரியும் இடம் ஒன்று உண்டு. ஷூ லேஸ் கட்ட நின்றவன், நிமிர்ந்து பார்த்தபோது முன்னால் யாரும் இல்லாததால் தவறான கிளையில் கொஞ்ச தூரம் போயிருக்கிறான். அப்புறம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். "தொலைஞ்சு போனா நகரக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்கா டீச்சர்" என்றான். அவன் அழவில்லை. எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கச் சாயங்காலம் ஆயிற்று.

அவன் லேஸ் கட்டிய நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். போனில் பேசிக்கொண்டிருந்தேன். பஸ்ஸை எங்கே திருப்புவது என்று டிரைவர் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால், கழிப்பறை பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று தேடினேன். அதற்கும் முன்னால், ஒரு பிள்ளையின் மாத்திரை எந்தப் பையில் என்று கிளறினேன். நாள் முழுக்கப் பயணத்தை நடத்துவதிலேயே போய்விட்டது. பிள்ளைகளை நான் பார்க்கவே இல்லை.

அதன்பிறகு பல வருடங்கள், பல பயணங்கள். திட்டமிடுவது என்று நான் இன்றைக்குச் சொல்வதெல்லாம் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான்: அந்த நாளில் என் கண்ணும் காதும் பிள்ளைகளிடம் இருக்க வேண்டும். அதற்கு, முன்னதாகவே முடிக்கக்கூடிய எந்த வேலையும் அந்த நாளுக்கு மிச்சம் இருக்கக் கூடாது. புதிதாகப் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போகத் தயாராகும் ஆசிரியர்களுக்கு உதவும் என்று நினைப்பதை எழுதுகிறேன்.

முதல் வேலை, எதற்குப் போகிறோம் என்பதை ஒரே வரியில் எழுதிப்பார்ப்பது. "இயற்கையை ரசிக்க" என்று எழுதினால் எந்த இடமும் சரிதான், எந்த இடமும் போதாது. "ஓடும் தண்ணீர் கல்லை என்ன செய்கிறது என்று பார்க்க" என்று எழுதினால் உடனே பல விஷயங்கள் தெளிவாகிவிடும். ஆழமில்லாத ஓடை வேண்டும், மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும், அளவுநாடா வேண்டும், மழைக்காலம் ஒத்துவராது. முன்பெல்லாம் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கே என்ன பாடம் நடத்தலாம் என்று தேடுவேன். அப்படிப் போன பயணங்களில் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், சாப்பிட்டார்கள், திரும்பினார்கள்.

ஒரு பயணத்துக்கு மூன்று வேலைக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. ஓடை என்றால் எனக்குப் பிடித்தது நீரோட்ட வேகம். கரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு பக்கமும் குச்சி நட்டு, ஓர் உலர்ந்த இலையை மிதக்கவிட்டு, எத்தனை விநாடியில் கடக்கிறது என்று பார்ப்பது. ஐந்து முறை செய்து சராசரி எடுக்க வேண்டும். கிடைப்பது மேல்மட்ட வேகம். ஓடையின் சராசரி வேகம் வேண்டுமென்றால் அதை ஏறக்குறைய 0.85-ஆல் பெருக்குவார்கள். ஏன் குறைக்கிறோம் என்று கேட்டேன். வகுப்பில் கை தூக்காத ஒரு பெண், காலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டே, "அடியில கல்லு புடிச்சு இழுக்குது டீச்சர்" என்றாள். உராய்வு என்ற பாடத்தை அதைவிட நன்றாக நான் நடத்தியதில்லை.

மரத்தின் உயரம் அளப்பதும் அப்படித்தான். சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்தால் 45 டிகிரிக் கோணம் கிடைக்கும். தாளின் கீழ்விளிம்பைத் தரைக்கு இணையாகப் பிடித்து, சாய்ந்த விளிம்பு வழியாகப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர வேண்டும். மரத்தின் உச்சி அந்த விளிம்பில் சரியாகத் தெரியும் இடத்தில் நின்று, அங்கிருந்து மரம் வரைக்கும் உள்ள தூரத்தோடு தன் கண் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம். பின்னால் நகரும் பிள்ளைக்கு முதுகுப்பக்கம் பள்ளமோ தண்ணீரோ இல்லாத இடமாகப் பார்த்துத்தான் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். கூட இன்னொரு பிள்ளை தோளைப் பிடித்துக்கொண்டு வருவது நல்லது.

கல்லைப் புரட்டிப் பார்க்கச் சொன்னால் அடியில் ஒட்டியிருக்கும் மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை பூச்சிகளின் இளம்பருவங்கள் கிடைக்கலாம். இவை மாசடைந்த நீரைத் தாங்காதவை, ஆகவே அவை நிறைய இருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று பிள்ளைகளே முடிவுக்கு வருவார்கள். பார்த்த கல்லை எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தால் போதாது, ஒவ்வொரு கல்லுக்கும் கூட நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி, என் கணக்கில் பாதிப் பயணத்துக்குச் சமமான வேலை: முன்கூட்டியே போய் நடந்து பார்ப்பது.

இணையத்தில் படம் பார்ப்பதும், போன வருடம் போன ஆசிரியரிடம் கேட்பதும் இதற்கு ஈடாகாது. பயணம் எந்தக் கிழமையோ அதே கிழமையில், எந்த மணிக்கோ அதே மணிக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த கழிப்பறை செவ்வாய்க்கிழமை பூட்டியிருக்கும். காலையில் நிழலாக இருந்த புல்வெளி மதியம் ஒன்றரை மணிக்குக் கொதிக்கும். போகும்போது ஒரு நோட்டு வேண்டும். பாதை பிரியும் இடங்கள், எல்லோரும் ஒன்றாக நிற்க இடமுள்ள இடங்கள், போன் சிக்னல் எங்கே போகிறது எங்கே வருகிறது, பஸ் எங்கே திரும்ப முடியும், ஆம்புலன்ஸ் எதுவரை வரமுடியும், 24 மணி நேரமும் இயங்கும் மருத்துவமனை எவ்வளவு தூரம், தேன்கூடு எந்த மரத்தில், தண்ணீர்க்கரை எங்கே வழுக்குகிறது. ஒரு தடவை முழங்காலிட்டும் பார்க்க வேண்டும். என் இடுப்பளவுக்கு வரும் கைப்பிடிச் சுவரை நான் பாதுகாப்பானது என்று குறித்துக்கொண்டிருந்தேன். கீழே குனிந்தபோதுதான் அதன் கம்பிகளுக்கு நடுவே ஒரு பிள்ளை நுழைந்துபோகும் அளவு இடைவெளி தெரிந்தது.

நேரக் கணக்கில்தான் புதியவர்கள் அதிகம் தவறுவார்கள். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: சமதரையில் மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். அது நல்ல உடல்வாகு உள்ள பெரியவர்கள், நிற்காமல் நடந்தால். நான் தனியாக 40 நிமிடத்தில் நடந்த பாதையை 42 பிள்ளைகளோடு நடக்க 1 மணி 35 நிமிடம் ஆனது. ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு ஐந்து நிமிடம், தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாத பிள்ளைக்கு இரண்டு நிமிடம், ஷூவுக்குள் போன கல்லுக்கு மூன்று நிமிடம். இதையெல்லாம் தாமதம் என்று நினைத்துப் பிள்ளைகளை விரட்டிய நாட்களும் உண்டு. இப்போது என் நடை நேரத்தை இரண்டரையால் பெருக்கித்தான் அட்டவணையே போடுகிறேன். வண்ணத்துப்பூச்சிக்காகத்தானே வந்தோம்.

கழிப்பறைக்கும் கணக்குப் போட வேண்டும். 42 பிள்ளைகள், இரண்டு கழிப்பறைகள், ஆளுக்கு 2 நிமிடம் என்றால் 42 நிமிடம். அட்டவணையில் நான் எழுதியிருந்தது "10 நிமிட இடைவேளை". அந்த 42 நிமிடத்தில் வரிசையில் நிற்காத பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு, அவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பதும் முன்பே முடிவாக வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு ஒரு பெண் ஆசிரியர் தனியாக ஒரு பை வைத்திருக்க வேண்டும். அதில் நாப்கின், மாற்று உடை, காகிதப் பை. பயணத்தன்று முதல்முறையாக மாதவிடாய் வந்த பிள்ளைகள் இருவரை நான் பார்த்திருக்கிறேன். யாரிடம் போய்ச் சொல்லலாம் என்பது ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் முதல்நாளே தெரிந்திருந்தால், அந்த நாள் அவளுக்குப் பயத்தோடு நினைவில் நிற்காது.

பெற்றோருக்கு அனுப்பும் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பல பள்ளிகளில் நடக்கிறது. அதில் ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மருந்து, அன்றைக்குக் கண்டிப்பாக எடுக்கக்கூடிய போன் எண் ஆகியவற்றைக் கேட்டே ஆக வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே நான் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: "அன்றைய நாள் உங்கள் பிள்ளைக்கு நல்லபடியாகப் போக நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஏதாவது இருக்கிறதா?" இந்தக் கேள்விக்கு வந்த பதில்களைப் போல எந்தப் படிவமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. நாயைக் கண்டால் ஓடிவிடுவாள், ரோடு பக்கம் என்று பார்க்க மாட்டாள் என்று ஒரு அம்மா. பஸ்ஸில் வாந்தி வரும், ஆனால் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டான் என்று ஓர் அப்பா. போன மாதம் தாத்தா இறந்ததிலிருந்து இருட்டினால் அழுகிறான் என்று இன்னொருவர். பணம் கட்ட இயலாத வீடு எது என்பதும் சில சமயம் இதில்தான் மறைமுகமாகத் தெரியவரும். அதைப் பள்ளி சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வகுப்பில் எழுந்து நிற்கவைத்துக் கேட்கும் பழக்கம் எங்கேனும் இருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் இரண்டாவது பயணத்தில், காலில் பிரேஸ் போட்டிருந்த ஒரு மாணவியைப் பள்ளியிலேயே விட்டுப்போனோம். நூலகத்தில் உட்கார்ந்து படம் வரையட்டும் என்று ஏற்பாடு. பாதை கடினம், அவளுக்குத்தான் கஷ்டம் என்று எல்லோரும் நல்லெண்ணத்தோடு பேசி முடிவெடுத்தோம். அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. மறுநாள் வகுப்பே ஓடையைப் பற்றிப் பேசியபோது அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் முன்பார்வைக்குப் போனபோது அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிப்போனேன். அவள் நடந்து காட்டிய பாதைதான் அந்த வருடத்துப் பாதை. தூரம் பாதியாகக் குறைந்தது, ஓடையின் வேறு ஒரு கரைக்குப் போனோம், அங்கே நீரோட்டம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. முன்பார்வை என்ற வேலையையே நான் அவளிடம்தான் சரியாகக் கற்றேன்: எந்தப் பாறை ஆடும், எங்கே கைப்பிடிக்கக் கிளை இருக்கிறது என்று என் கண்ணுக்குப் படாததெல்லாம் அவளுக்குத் தெரிந்தது.

எண்ணிக்கை விஷயத்துக்கு வருகிறேன்.

"எல்லோரும் இருக்கிறீர்களா?" என்று கேட்பது எண்ணிக்கை ஆகாது. இல்லாத பிள்ளை இல்லை என்று பதில் சொல்லப் போவதில்லை. நான் இப்போது செய்வது இது: ஏழேழு பேராக ஆறு குழு, குழுவுக்கு ஒரு பெரியவர். ஏழு என்பது சட்டென்று எண்ணி முடித்துவிடக்கூடிய அளவு. குழுவுக்குள் இரண்டு ஜோடி, ஒரு மூவர். தன் ஜோடி கண்ணில் படவில்லை என்றால் உடனே சொல்வது மட்டும்தான் பிள்ளையின் வேலை. குழுப் பெரியவர் தன் ஏழு பேரின் பெயர், போன் எண், மருந்து விவரம் எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பஸ்ஸிலோ பையிலோ வைத்தால் என் கதைதான்.

எப்போது எண்ணுவது? இடம் மாறும் ஒவ்வொரு தடவையும். பஸ் ஏறியபின், இறங்கியபின், கழிப்பறைக்குப் பின், சாப்பாட்டுக்குப் பின், தண்ணீரை விட்டு ஏறியபின், பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும். குழுப் பெரியவர் தலையைத் தொட்டு எண்ணுவார், மொத்தத்தை இன்னொருவர் தனியாக எண்ணுவார், இரண்டும் ஒத்துப்போனால்தான் நகர்வோம். ஒரு எண்ணிக்கைக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

நடக்கும்போது முன்னால் ஒரு பெரியவர், அவரை யாரும் முந்தக் கூடாது. கடைசியில் ஒரு பெரியவர், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. கடைசியில் வருபவர் அனுபவசாலியாக இருக்க வேண்டும். களைத்த பிள்ளை, அழும் பிள்ளை, வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தயங்கும் பிள்ளை எல்லாம் மெல்ல மெல்லப் பின்னால்தான் வந்து சேரும். பெரும்பாலும் மூத்த ஆசிரியர்கள் முன்னால் நடக்க விரும்புவார்கள். நான் பின்னால் நடக்கத் தொடங்கிய பிறகுதான் என் மாணவர்களில் பாதிப்பேரை எனக்குத் தெரிந்தது.

வழிதவறினால் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளுக்கு முதல்நாளே சொல்லி, நடித்தும் பார்க்கிறோம். 1981-இல் கலிஃபோர்னியாவில் மலைக்காட்டில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வழிதவறி இறந்துபோனான். அவனைத் தேடியவர்கள் அதன்பின் பிள்ளைகளுக்காக "மரத்தைக் கட்டிக்கொள்" என்ற பயிற்சியைத் தொடங்கினார்கள். வழி தெரியவில்லை என்று தெரிந்த அந்த இடத்திலேயே ஒரு மரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட வேண்டும், அலையக் கூடாது. நடந்துகொண்டே இருக்கும் பிள்ளை, தேடுபவர்கள் பார்க்க வேண்டிய பரப்பைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். முதல் அரை மணி நேரம் சும்மா ஊதிக்கொண்டேதான் இருப்பார்கள். பஸ் ஏறுமுன் பள்ளி மைதானத்திலேயே ஆசை தீர ஊதவிட்டுவிடுங்கள். என் முதல் பயணத்துப் பையனின் அக்கா இதையெல்லாம் எங்கே கற்றாள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

வானிலையில் மூன்று விஷயங்கள் எனக்கு மனப்பாடம். முதலாவது மின்னல். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 விநாடி என்றால் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் தூரம். 30 விநாடிக்குள் இடி கேட்டால் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, அப்போதே ஒதுங்கிவிட வேண்டும். கட்டடம், இல்லையென்றால் கண்ணாடிகளை ஏற்றிவிட்ட பஸ். மரத்தடி கூடாது. கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே. இரண்டாவது வெயில். தலைவலி, மயக்கம், குமட்டல் என்றால் நிழல், தண்ணீர், ஓய்வு. ஆனால் பிள்ளை குழறிப் பேசினாலோ, தள்ளாடினாலோ, பெயர் கேட்டால் தடுமாறினாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடல்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நிலை அது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக் குளிர்விக்க வேண்டும். நினைவு தடுமாறும் பிள்ளைக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, மேலே பெய்யும் மழை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆசிரியர்கள் ஏமாறுவார்கள். நாம் நிற்கும் இடத்தில் வானம் தெளிவாக இருக்கும். ஓடை பிறக்கும் மலையில் மழை கொட்டியிருக்கும். தண்ணீர் சட்டென்று கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, ஓட்டத்தின் சத்தம் மாறுவது, கரையில் நாம் வைத்த அடையாளக்கல் மூழ்குவது, இதில் ஏதாவது ஒன்றைப் பார்த்தாலும் பொருட்களைக்கூட எடுக்காமல் மேடான இடத்துக்கு ஏறிவிட வேண்டும். ஒரு வருடம் ஓடைக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போதே மலைப்பக்கம் கறுத்திருந்தது. எங்கள் தலைக்குமேல் வெயில். நின்றேன். போகலாம், பத்து நிமிடம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றார் உடன் வந்தவர். பிள்ளைகள் ஆறு வாரம் காத்திருந்த பயணம். திரும்பிவிட்டோம். பஸ்ஸில் ஒருவரும் என்னோடு பேசவில்லை, இரண்டு பேர் அழுதார்கள். ஓடையில் அன்றைக்கு வெள்ளம் வந்ததாகத் தகவல் எதுவும் இல்லை. இருந்தாலும் அதே வானத்தைப் பார்த்தால் இன்றைக்கும் திரும்பிவிடுவேன். அந்தப் பயணத்துக்குப் பிறகு ஒவ்வொரு திட்டத்திலும் இரண்டாவது இடம் ஒன்றை முழுதாகத் தயார் செய்து வைக்கிறேன், அதற்கும் முன்பார்வை பார்த்துவிட்டு. திரும்பிப்போக வேண்டும் என்று மனசுக்குத் தெரிந்தும் ஆசிரியர்கள் தயங்குவதற்குக் காரணம், பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கையில் வேறு எதுவும் இல்லாததுதான்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. மூழ்கும் பிள்ளை கத்திக் கையாட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் சத்தமே வராது, மூச்சுக்கே போராடும்போது குரல் எழாது. எனவே எங்கள் ஓடை வேலைகள் எல்லாம் கணுக்கால் ஆழத்தில்தான். தண்ணீரில் ஒரு பிள்ளை நிற்கும்வரை கரையில் ஒருவர் வேறெதுவும் செய்யாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும்.

1993 மார்ச் மாதம் இங்கிலாந்தின் லைம் வளைகுடாவில், சிறு படகுகளில் போன ஒரு பள்ளிக் குழுவில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். குழு திரும்ப வேண்டிய நேரம் தாண்டி நெடுநேரம் கழித்துத்தான் மீட்புப் படைக்குத் தகவல் போனது. அதன் விளைவாக 1995-இல் அந்த நாட்டில் பிள்ளைகளுக்குச் சாகசப் பயிற்சி தரும் மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. அதைப் படித்ததிலிருந்து, பள்ளியில் ஒருவரை நியமிக்காமல் நான் கிளம்புவதில்லை. அவரிடம் பெயர்ப்பட்டியல், பாதை வரைபடம், திரும்பும் நேரம் இருக்கும். குறித்த நேரம் தாண்டி 30 நிமிடத்துக்குள் என்னிடமிருந்து போன் வரவில்லை என்றால் யாரையெல்லாம் கூப்பிட வேண்டும் என்பதும் எழுதியிருக்கும். "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று அவர் முடிவெடுக்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது.

முதலுதவிப் பெட்டியைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் பெட்டியைவிட அது யாரிடம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். இன்ஹேலர் அந்தப் பிள்ளையின் உடம்பிலேயே இருக்க வேண்டும், உதிரி ஒன்று குழுப் பெரியவரிடம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து. தேனீ கொட்டினால் கொடுக்கை எப்படியாவது சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ நேரே மருத்துவமனை. கூடு கலைந்து கூட்டமாக வந்தால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும், தண்ணீருக்குள் குதிக்கக் கூடாது. பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். பிள்ளையை நடக்கவிடாமல், கடிபட்ட கை காலை அசையாமல் வைத்துத் தூக்கிப்போக வேண்டும். வாந்தி வரும் பிள்ளைகளுக்கு முன்சீட், தூரத்தில் பார்க்கச் சொல்வது, கையில் ஒரு பை. வெட்கப்படும் அந்தப் பையனுக்கு யாரும் பார்க்காமல் பையைக் கையில் கொடுத்துவிட்டால் அவனுக்கு அது போதும்.

இவ்வளவும் முன்பே முடிந்தால் பயணத்தன்று எனக்கு வேலையே இல்லை என்று சொல்லலாம். அப்போதுதான் அந்த 20 நிமிடம் சாத்தியமாகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒவ்வொரு பிள்ளையும் அடுத்தவரிடமிருந்து நாலைந்து அடி தள்ளி, எங்கள் கண்ணில் படும்படி, தனியாக உட்கார்ந்திருக்கும். பேச்சு இல்லை, எழுத்து இல்லை, எங்கள் கையிலும் போன் இல்லை. முதல் ஐந்து நிமிடம் நெளிவார்கள். ஏழாவது நிமிடம்போல ஏதோ மாறும். ஒருத்தி எறும்பின் பாதையில் விரல் வைத்து, அது எப்படிச் சுற்றிப்போகிறது என்று பார்க்க ஆரம்பிப்பாள். ஒருவன் மல்லாந்து படுத்து மேகத்தைப் பார்ப்பான். முடிந்தபின் "என்ன கேட்டது?" என்று மட்டும் கேட்பேன். "தூரத்துல ஒரு தண்ணி சத்தம், பக்கத்துல ஒரு தண்ணி சத்தம், ரெண்டும் வேற" என்று ஒரு பிள்ளை சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அட்டவணை நெருக்கும்போது முதலில் வெட்டப்படுவது இந்த 20 நிமிடம்தான். நான் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுவேன், இதை விடமாட்டேன்.

பஸ் பள்ளி வாசலில் நின்றதும் பயணம் முடிந்துவிடாது. இருட்டில், பெற்றோர் கூட்டத்தில், களைப்பில், பிள்ளைகள் நாலாபக்கமும் இறங்கி ஓடும் நேரம் அது. குழு குழுவாக இறக்கி, வந்தவர் யார் என்று பார்த்துப் பெயரை அடித்துக் கையில் ஒப்படைக்கிறோம். கடைசிப் பிள்ளையின் வீட்டிலிருந்து ஆள் வரும்வரை இரண்டு ஆசிரியர்கள் இருப்போம்.

வீட்டுக்கு வந்து, குளிப்பதற்கு முன்னால் நோட்டை எடுத்து எழுதிவிடுவேன். மறுநாள் எழுதினால் பாதி மறந்துபோகும். போன பயணத்துப் பக்கத்தில் இருப்பது இது:

"பாலத்துக்கு அடுத்த கிளைப்பாதையில் 42 பேர் நிற்க இடம் போதவில்லை, அடுத்த முறை முப்பது அடி முன்பே, பெரிய பாறை அருகே நிறுத்தி எண்ண வேண்டும். நான்காம் குழுவில் இருவருக்கு ஷூ கடித்தது, பிளாஸ்திரி கூடுதலாக. இலை வேகம் நன்றாக வந்தது, விநாடி பார்க்க இன்னும் இரண்டு கடிகாரம் தேவை. எண்ணியது 14 முறை. 14 முறையும் 42."